செய்து பார்த்துப் போட்ட ஓட்டு

அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம் கட்டடத்துக்கு அடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. ஆனாலும் உள்ளே இருட்டு தெரியாது. குவியல் குவியலாகக் கிடக்கும் வெள்ளை விரிப்புகளே ஒரு மாதிரி வெளிச்சம் கொடுக்கும். இஸ்திரி உருளைகளிலிருந்து எழும் ஆவிக்குள் ஆட்கள் பாதி தெரிந்தும் பாதி மறைந்தும் நடமாடுவார்கள். பேசினால் குரல் மட்டும் முதலில் வரும். முகம் சற்றுப் பொறுத்துத்தான் வரும்.

கடைசி மேசை அவளுடையது. மெஷின் கைவிட்ட துணியெல்லாம் அந்த மேசைக்கு வந்து சேரும். ரத்தம், மருந்து, மை, எதுவென்றே சொல்ல முடியாத மஞ்சள். ஒவ்வொன்றையும் விரலால் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இதற்கு என்ன போட்டால் போகும் என்று யோசிப்பதுதான் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே மேசை. கூடத்தில் எல்லோரும் அவளைக் கறையக்கா என்றே கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் அந்தப் பெயரைக் கேட்டால் சுருக்கென்று இருந்தது. பிறகு போனை எடுத்தால் அவளே "கறையக்கா பேசுறேன்" என்று சொல்லப் பழகிவிட்டாள்.

நிதானமான பெண். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் கேட்டவர் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். காது கேட்கவில்லையோ என்று புதிதாக வேலைக்கு வருபவர்கள் நினைப்பார்கள். அப்படி எல்லாம் இல்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்ல அவளுக்கு வாய் வராது, அவ்வளவுதான்.

வீட்டில் மூன்று பேர். கணவர் சரக்கு ரயில் ஓட்டுபவர். வாரத்தில் மூன்று நாள் வீட்டில் இருந்தால் அதிகம். மூன்றாவது ஆள் நாத்தனார், கணவரின் தங்கை. சின்ன வயதிலிருந்தே ஓயாமல் பேசுவதால் மைனா என்று பெயர் விழுந்துவிட்டது. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் டைப்பிஸ்ட். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அண்ணன் வீட்டின் பின்னறை அவளுடையதானது.

மைனாதான் அந்தக் கேள்வி பதில் தளத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவள். வீட்டு வேலை சம்பந்தமாக யார் வேண்டுமானாலும் கேட்கலாம், யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம். எறும்பு, ஒழுகும் குழாய், சுருங்கிப்போன ஸ்வெட்டர், எதுவானாலும் சரி. ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் இரண்டு அம்புகள் இருக்கும். பதில் உதவியாக இருந்தால் மேல் அம்பைத் தட்டலாம். தப்பு என்றால் கீழ் அம்பு. யார் தட்டினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. எண்ணிக்கை மட்டும் நடுவில் நிற்கும்.

மைனா அதில் நீந்தினாள். ஒரு நாளைக்கு நாலு பதில், ஐந்து பதில். எழுத்து அவ்வளவு நன்றாக இருக்கும்; கேள்வி கேட்டவரின் தோளில் கைபோட்டுச் சொல்வது போல இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் எண்ணிக்கையை வாசித்துக் காட்டுவாள்.

"அண்ணி, இன்னிக்கு மட்டும் முப்பத்திரண்டு. இந்த மாசம் நேத்தோட நானூத்தி எட்டு."

"அப்படியா."

"நீங்க ஒண்ணு கூடப் போட்டு நான் பாத்ததில்ல, தெரியுமா? உங்க விரல் என்ன தேஞ்சா போயிடும்?"

கறையக்கா சிரித்துக்கொண்டே தண்ணீர் ஊற்றுவாள்.

கணவரும் அதில் உறுப்பினர்தான். படிப்பதோடு சரி. "தெருக் கடிகாரத்துல மணி பாக்கிறேன். பாத்துட்டு அதுக்குக் கை தட்டிட்டா போறேன்? நேரம் தெரிஞ்சுதா, நடையைக் கட்டு" என்பார்.

கறையக்காவின் சங்கதி வேறு. அவளும் ஓட்டுப் போட்டிருந்தாள். ஏழு வருஷத்தில் பத்தொன்பது. அதில் முதல் ஓட்டு வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

ஒரு சமயம் விரிப்புகளில் டீ கொட்டிய மாதிரி பழுப்புத் திட்டுகள் வர ஆரம்பித்தன. அழுக்காக வரும்போது இருக்காது; துவைத்த பிறகு வரும். மெஷின்காரர் தண்ணீரைக் குறை சொன்னார், தண்ணீர்க்காரர் மெஷினைக் குறை சொன்னார். கறையக்கா தன் ஓய்வு நாளில் தளத்தில் தேடினாள். யாரோ இதே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். ஒரே ஒரு பதில். எழுதியவர் பெயர் அரைநிலா. நோயாளிகளின் தோலைத் துடைக்கும் ஒரு மருந்துத் திரவம் துணியில் தங்கிவிடுகிறது, அதன்மேல் குளோரின் ப்ளீச் பட்டால்தான் பழுப்பாகிறது, ஆக்சிஜன் ப்ளீச்சுக்கு மாறிப் பாருங்கள் என்று நாலு வரி. நாலு வருஷத்துக்கு முன்னால் எழுதியது. பக்கத்தில் பூஜ்யம்.

மறுநாளே அவள் நாற்பது புது விரிப்புகளை எடுத்து, இருபதின் மூலையில் நீல நூலால் ஒரு தையல் போட்டாள். மேற்பார்வையாளரிடம் கெஞ்சி அந்த இருபதை மட்டும் ஆக்சிஜன் ப்ளீச்சில் தனியாகத் துவைக்க வைத்தாள். ஆறு வாரம். தையல் போட்டவை வெள்ளையாகவே இருந்தன. மற்றவை திட்டுத்திட்டாகப் பழுத்தன. அன்று மாலை பஸ்ஸில் உட்கார்ந்து மேல் அம்பைத் தட்டினாள். பூஜ்யம் ஒன்றானது. பஸ் ஒரு பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. கீழே தண்ணீர் முழுக்க மேகம். யாரோ ஒருவரை நாலு வருஷம் வாசலில் நிற்கவைத்துவிட்டு இப்போதுதான் கதவைத் திறந்த மாதிரி அவளுக்கு இருந்தது.

இரண்டு நாள் கழித்து அந்தப் பதிலுக்குக் கீழே அரைநிலா ஒரு வரி போட்டிருந்தார். "ஓட்டுப் போட்டது யாருன்னு தெரியல. செஞ்சு பாத்தீங்களா? நான் சொன்னது தப்போன்னு இவ்வளவு நாள் நினைச்சிட்டு இருந்தேன்."

வெகுநேரம் யோசித்து அவள் எழுதினாள்: "பாத்தேன். ஆறு வாரம். சரியா வந்துச்சு."

அதிலிருந்து அதுவே அவளுக்கு வழக்கமாகிவிட்டது. செய்து பார்க்காமல் ஓட்டில்லை. சில பதில்களைச் சோதிக்க ஒரு மழைக்காலம் வரவேண்டும். சிலவற்றுக்கு ஒரு கோடை முழுக்க வெயில் வேண்டும். வேலையில் கை ஓடிக்கொண்டிருக்க, பதில் எழுதியவர்களின் முகங்களை ஆவிக்குள் கற்பனை செய்துகொண்டிருப்பாள். அரைநிலாவுக்கு ஒல்லியான கழுத்து, சட்டைப்பையில் இரண்டு பேனா. இப்படி ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று.

மைனாவின் பதில்களை மட்டும் அவள் படிப்பதே இல்லை. படித்தால் செய்து பார்க்கத் தோன்றும். செய்து பார்த்துச் சரியாக வராவிட்டால்? ஒரே குளியலறையைப் பகிர்ந்துகொள்பவளிடம் எப்படிச் சொல்வது? அதனால் எண்ணிக்கையை மட்டும் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

அப்படியே ஓடியிருக்கும். ஒரு காலை, துணி மடிக்கும் மேசையில் வேலை பார்க்கும் பெண் இருமிக்கொண்டே வந்தாள். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. பேச வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. கறையக்கா அவளைக் கைத்தாங்கலாக மேலே அழைத்துக்கொண்டு போனாள். மூன்று மணி நேரம் ஆக்சிஜன் வைத்தார்கள். ஆபத்து இல்லை, ஆனால் இன்னும் பத்து நிமிஷம் அந்தக் குளியலறைக்குள் இருந்திருந்தால் கதை வேறு என்றார் டாக்டர்.

"என்னதான்டி பண்ணின?"

மடிப்புமேசைப் பெண் போனை நீட்டினாள். குளியலறை ஓடுகளுக்கு நடுவில் பிடித்த கருப்பைப் போக்க, ப்ளீச்சில் வினிகரைக் கலந்து ஊற்றிக் கதவைச் சாத்திவையுங்கள், அரைமணியில் பளபளக்கும் என்று இருந்தது. எழுதியவர் பெயர்: மைனா. பக்கத்தில் அறுநூற்றுப் பதினொன்று.

சலவைக்கூடத்தில் ப்ளீச் டப்பாக்கள் ஒரு சுவரிலும் புளிப்புத் திரவங்கள் எதிர்ச்சுவரிலும் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் வரும் புகை நெஞ்சைப் பிடிக்கும் என்பது அங்கே முதல் நாள் சொல்லித்தரும் பாடம். கறையக்கா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷமாக அந்தப் பதில் அங்கே இருந்திருக்கிறது. அவள் வீட்டுப் பின்னறையிலிருந்து போன பதில்.

"அக்கா, அறுநூறு பேர் சரின்னு சொல்லியிருக்காங்க. அதான் நம்பினேன்" என்றாள் அந்தப் பெண், காற்றாகப் போன குரலில்.

மறுநாள் ஓய்வு. மத்தியானம். மைனா கடைக்குப் போயிருந்தாள். கறையக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள். திரைச்சீலை காற்றில் உப்பி உப்பி அடங்கியது. மைனாவிடம் நேரில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். நாக்கு எழும்பாது என்று அவளுக்கே தெரியும். பெயர் தெரியாத அம்புதான் சுலபமாக இருந்தது. அந்தச் சுலபம்தான் உறுத்தியது. முதுகுக்குப் பின்னால் நின்று தட்டுவது மாதிரி. ஆனால் அதற்குள் வேறு யாராவது கதவைச் சாத்திக்கொண்டால்? கீழ் அம்பைத் தட்டினாள். அறுநூற்றுப் பத்து. உலகத்தில் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பத்தும் பதினொன்றைப் போலவே மினுமினுவென்று இருந்தது. கடலிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை மொண்டு கொட்டினவள் மாதிரி அவள் உட்கார்ந்திருந்தாள்.

மாலை சாப்பாட்டு மேசையில் மைனா தட்டைத் தள்ளிவைத்தாள்.

"எவனோ ஒருத்தன் கீழ தள்ளிவிட்டிருக்கான்!"

"எதை?" என்றார் கணவர். அன்று அவர் வீட்டில் இருந்தார்.

"ஓடு தேய்க்கிற பதிலைண்ணா. ரெண்டு வருஷமா ஒருத்தர் கூடத் தப்புன்னு சொன்னதில்ல. வயித்தெரிச்சல். எழுதத் தெரியாதவன்தான் இப்படிப் பண்ணுவான். கை இருக்கே, அது..."

"சாபம் போடாத, சாப்பாடு ஆறுது. அறுநூத்திப் பத்து மிச்சம் இருக்கில்ல? என் ரயில்ல ஒரு பெட்டி கழண்டாலும் மிச்சம் போய்ச் சேரும்."

"அந்தக் கை என்னோடது" என்றாள் கறையக்கா.

மைனா அண்ணியின் பக்கம் திரும்பினாள்.

"ஏழு வருஷமா ஒரு ஓட்டுப் போடாதவங்க" மைனாவின் குரல் மெதுவாக வந்தது, "எனக்குப் போட்ட முதல் ஓட்டு இதுவா அண்ணி?"

கறையக்கா மடிப்புமேசைப் பெண்ணைப் பற்றிச் சொன்னாள். சுற்றி வளைக்காமல், இருமல், கண், ஆக்சிஜன், டாக்டர் சொன்னது எல்லாம். "முன்னாடியே படிச்சிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். நான் படிக்கல. உங்கூட மனத்தாங்கல் வந்துடுமோன்னு பயம். தப்பு என்னோடதும்தான்."

மைனா எழுந்து பின்னறைக்குப் போய்விட்டாள்.

நாலு நாள் வீட்டில் மைனாவின் குரல் இல்லை. குழாய் சொட்டுவது, பக்கத்து வீட்டு ரேடியோ, மாடிப்படியில் யாரோ ஏறுவது எல்லாம் கேட்டது. இத்தனை சத்தம் இந்த வீட்டில் இருந்ததா என்று கறையக்கா அதிசயப்பட்டாள். கணவர் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "இருபத்தாறு வருஷம் மத்தவங்க லெட்டரை டைப் அடிச்சவம்மா அவ. ஒரு வரி நல்லா இருக்குன்னு எவனும் சொன்னதில்ல. அவளுக்கு அந்த நம்பர் வெறும் நம்பர் இல்ல."

"தெரியும்ங்க" என்றாள் அவள். தெரியும் என்று சொன்ன பிறகுதான் முழுசாகத் தெரிந்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம் சலவைக்கூடத்து ஆவிக்குள்ளிருந்து "அண்ணி" என்று ஒரு குரல் வந்தது. பின்னாலேயே மைனாவின் முகமும் வந்தது. நல்ல புடவை கட்டி, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பொண்ணைப் பாக்கணும்."

மடிப்புமேசைப் பெண் வேலைக்குத் திரும்பியிருந்தாள். குரல் இன்னும் கரகரப்பாகத்தான் இருந்தது. ஓட்டு எண்ணிக்கையைப் பார்த்து நம்பின கதையை அவள் மறுபடியும் சொன்னாள். மைனா கேட்டுக்கொண்டே அவள் மடித்த தலையணை உறைகளை அடுக்கினாள், நாலு உறை அடுக்கிய பிறகு சொன்னாள்: "அதை எழுதினது நான்தாம்மா. நான் செஞ்சு பாத்ததில்ல. எங்கேயோ படிச்சதை அழகாத் திருப்பி எழுதினேன்."

அந்தப் பெண் வாயைப் பிளந்தாள். கோபப்படுவாள் என்று இருவரும் காத்திருந்தார்கள். "நீங்களா? எழுத்து ரொம்ப நல்லா இருந்துச்சு மேடம்" என்றாள் அவள். பிறகு, சற்று யோசித்து, "அதான் பிரச்னையே" என்றாள். முதலில் சிரித்தது மைனாதான். சிரிப்பு முடியும்போது கண் நனைந்திருந்தது.

அன்றே அவள் பதிலின் தலையில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: இதைச் செய்யாதீர்கள், ஆபத்து, நான் எழுதியது தப்பு. அழித்துவிட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் ஏற்கெனவே படித்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்தால் பார்க்க வேண்டுமே என்று அப்படியே விட்டாள். கீழே ஒரு கேள்வியும் சேர்த்தாள்: "ஓட்டுப் போட்ட அறுநூத்திச் சொச்சம் பேர்ல எத்தனை பேர் செஞ்சு பாத்தீங்க? செய்யலேன்னா ஏன் போட்டீங்க? கோபமில்ல. தெரிஞ்சுக்கணும்."

பதில்கள் வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க நாத்தனாரும் அண்ணியும் பின்னறைக் கட்டிலில் சாய்ந்துகொண்டு ஒன்றொன்றாக வாசித்தார்கள். வெளியே மழைக்கு முந்தின மங்கல் வெளிச்சம். மைனா வாசிப்பாள், அண்ணி கண்ணை மூடிக் கேட்பாள்.

ஒருவர், எழுத்து நன்றாக இருந்தது என்றார். ஒருவர், நான் பார்க்கும்போதே நானூறு இருந்தது, என் பங்குக்கு ஒன்று என்றார். ஒரு பெண், "என் கேள்விக்கு ரெண்டு நாளா யாரும் பதில் சொல்லல. நீங்க சொன்னீங்க. பதிலுக்கு இல்ல, சொன்னதுக்குப் போட்டேன்" என்று எழுதியிருந்தாள். பஸ் குலுங்கியதில் விரல் பட்டுவிட்டது என்று ஒருவர். நீங்கள் எனக்குப் போடுவீர்கள் என்று நான் உங்களுக்குப் போட்டேன் என்று ஏழு பேர்.

பிறகு வேறு மாதிரி ஆட்கள் வந்தார்கள், அதுவரை எந்த அம்பையும் தொடாதவர்கள். "எனக்கும் இருமல் வந்துச்சு. நான்தான் அளவைத் தப்பாக் கலந்துட்டேன்னு நினைச்சேன்." "நான் பள்ளிக்கூடத்துல வேதியியல் நடத்துறேன். தப்புன்னு தெரியும். அறுநூறுக்கு எதிரா என் ஒண்ணு என்ன பண்ணும்னு போயிட்டேன்." "கீழ் அம்பு போட்டா எழுதினவங்க மனசு கஷ்டப்படுமேன்னு விட்டுட்டேன்."

அந்தக் கடைசி வரியை மைனா இரண்டு தரம் வாசித்தாள். "இப்படி எத்தனை பேர் அண்ணி?"

"எண்ணினேன். பதினாலு."

"பதினாலு பேர் கதவுக்கு வெளியிலேயே நின்னிருக்காங்க" என்றாள் மைனா. அவள் கை அண்ணியின் கைமேல் கிடந்தது. மழை பிடித்துக்கொண்டது. இருவரும் அப்படியே கொஞ்சம் தூங்கிப்போனார்கள்.

பதிலின் எண்ணிக்கை இறங்கி இறங்கி நூற்றுச் சொச்சத்தில் போய் நின்றது. மைனா ஒரு மாதம் எதுவும் எழுதவில்லை. பிறகு எழுத ஆரம்பித்தாள், வாரத்துக்கு ஒன்று. ஒருமுறை மூன்று நாள் கழித்து வேலையிலிருந்து வீடு திரும்பிய கணவர், குளியலறைக் கம்பியில் பதினாறு துண்டுத்துணி தொங்குவதைப் பார்த்து, "இதுல எதுல நான் மூஞ்சியைத் துடைக்கலாம், எது பரீட்சை எழுதுது?" என்று கேட்டார்.

அந்த வருஷம்தான் கறையக்கா முதன்முதலாக ஒரு பதில் எழுதினாள். பேனா மை பட்ட தலையணை உறையைப் பற்றி யாரோ கேட்டிருந்தார்கள். அவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. எட்டு வரி. எழுத மூன்று நாள் ஆனது. பக்கத்தில் பூஜ்யம் நின்றது. மறுநாளும் நின்றது. ஒரு மாதம் கழித்தும் நின்றது. காலையில் கண் விழித்ததும் போனைத் தேடும் தன் கையை அவள் வெட்கத்தோடு கவனித்தாள். நான் சொன்னது தப்போ? நாற்பது தடவை செய்த காரியம், எப்படித் தப்பாகும்? இருந்தும் வேலையில் ஒரு தரம் மை பட்ட உறையை எடுத்துத் தன் பதிலைத் தானே சோதித்துப் பார்த்தாள். சரியாகத்தான் வந்தது. எண் மட்டும் அசையவில்லை.

ஐந்தாவது மாதம் ஒரு சாயங்காலம் ஒன்று என்று மாறியிருந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் பின்னறை வாசலில் நின்றாள். "மைனா, நீயா?"

"நான் இல்ல அண்ணி. சத்தியமா. எனக்கு இன்னும் மூணு வாரம் பாக்கி" என்று மைனா மேசையைக் காட்டினாள். மை தோய்ந்த துணிகள் தேதி எழுதின சீட்டோடு வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

கறையக்கா சமையலறைக்குப் போய் டீக்குத் தண்ணீர் வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. மூன்றாம் மாடியில் ஒருவர் சட்டையை உதறிக் கொடியில் போட்டார். பக்கத்து ஜன்னலில் ஒரு பெண் தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளை உறை, இங்கிருந்து பார்க்க ஒரு கறையும் தெரியவில்லை. அந்த ஓட்டைப் போட்டவர் இவர்களில் ஒருவராக இருக்கலாம். எங்கோ கண்காணாத ஊரிலும் இருக்கலாம். தண்ணீர் கொதித்து ஜன்னல் கண்ணாடி மங்கும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.